புதிதாக வந்த ஆமை சாப்பிட மறுக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குப் புதிதாக வந்த ஆமை, வைத்த இலையை முகர்ந்துகூடப் பார்க்காமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால், வளர்ப்பவருக்குச் சோறு இறங்காது. அந்தக் கவலையில் பெரும்பாலானோர் முதலில் செய்வது, தட்டில் உள்ள இலையை மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது. புதிய ஆமை சாப்பிடாததற்கு உணவே காரணமாக இருப்பது அரிது. வெப்பம், வெளிச்சம், தண்ணீர், அமைதி ஆகிய நான்கில் ஏதாவது ஒன்று குறைவாக இருப்பதே பெரும்பாலும் காரணம். ஆகவே இந்தப் பதில்கள் இருப்பிடத்தில் தொடங்கி, அதன் பிறகே உணவுக்கு வருகின்றன.

இங்கே பேசப்படுவது நில ஆமைகளைப் பற்றி மட்டுமே. தொட்டியில் நீந்தும் ஆமைகளின் தேவைகள் வேறு. பிரிட்டனிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வீடுகளில் அதிகம் வளர்க்கப்படுபவற்றில் ஒன்று, கடைகளில் ரஷ்ய ஆமை என்று விற்கப்படும் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமை. அதையே முதன்மையான எடுத்துக்காட்டாக எடுத்துக்கொண்டு, ஹெர்மன் ஆமை, ஆப்பிரிக்காவின் சல்கேட்டா, தென் அமெரிக்காவின் செங்கால் ஆமை ஆகியவற்றில் வேறுபாடு இருக்கும் இடங்களில் அதைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

ஆமை வந்து மூன்று நாள் ஆகிறது. ஒரு வாய்கூடத் தின்னவில்லை. பயப்பட வேண்டுமா?

வளர்ந்த ஆமையாக இருந்து, கண் தெளிவாகவும் மூக்கு உலர்ந்தும் இருந்து, பகலில் எழுந்து சிறிது நடமாடினால், மூன்று நாள் பட்டினி என்பது அஞ்ச வேண்டிய செய்தி அல்ல. புதிய இடத்துக்கு வந்த ஆமை முதல் வாரத்தில் குறைவாகத் தின்பதும், சில வேளைகளில் ஒன்றுமே தின்னாமல் இருப்பதும் வழக்கம். கடையிலிருந்து பெட்டிக்குள் வந்த பயணம், பழகாத வாசனை, ஆள் நடமாட்டம், ஒவ்வொருவராகத் தூக்கிப் பார்ப்பது எல்லாம் சேர்ந்து அதன் பசியை அடக்கிவிடுகின்றன.

வளர்ந்த ஆமையின் உடல் பட்டினியைத் தாங்கும் விதத்துக்கு ஒரு வரலாற்றுச் சான்று உண்டு. 1968 செப்டம்பரில் சோவியத் ஒன்றியம் ஏவிய சோண்ட் 5 விண்கலத்தில், மத்திய ஆசியப் புல்வெளிகளைச் சேர்ந்த இரண்டு ஹார்ஸ்ஃபீல்ட் ஆமைகள் நிலவைச் சுற்றிவிட்டுப் பூமிக்குத் திரும்பின. பயணத்தில் அவற்றுக்கு உணவே கொடுக்கப்படவில்லை. திரும்பியபோது உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தும், பசி குன்றாமல் தின்றன. அவை நல்ல உடல்நிலையில் இருந்த ஆமைகள் என்பதை இதோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். கடையில் பல வாரம் சரியாகத் தின்னாமல் இருந்து வந்த ஆமையிடம் அந்தச் சேமிப்பு இருக்காது. எனவே வளர்ந்த ஆமைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட குட்டி என்றால் இரண்டு மூன்று நாளே எல்லை. அதற்குள் தின்னாவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறை கதகதப்பாகத்தான் இருக்கிறது. அது போதாதா?

போதாது. சாப்பிடாத ஆமைகளில் மிகப் பலவற்றுக்குத் தீர்வு இந்த ஒரே கேள்வியில் இருப்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஆமை தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் விலங்கு அல்ல. வெயிலில் காய்ந்து உடல் சூடேறிய பிறகுதான் அதற்குப் பசி எழும். தின்றதைச் செரிக்கும் குடலும் அந்தச் சூட்டில்தான் வேலை செய்யும். 22 டிகிரி செல்சியஸ் அறை நமக்கு இதமாக இருக்கலாம்; அந்த வெப்பநிலையில் நாள் முழுவதும் கிடக்கும் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமைக்கு அது விடியாத காலைப் பொழுதுதான். அதன் கூண்டில் ஒரு முனையில், சூடு தரும் விளக்கின் கீழ் வெயில் காயும் இடம் 32 முதல் 35 டிகிரி வரையும், மறுமுனை 20 முதல் 24 டிகிரி வரையும் இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நடந்து, தனக்கு வேண்டிய சூட்டை ஆமையே தேர்ந்துகொள்ளும். கூண்டு முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பதும் தவறு. ஒதுங்க இடமில்லாத ஆமை மண்ணுக்குள் புதைந்துகொள்ளும், தின்னாது. சல்கேட்டாவுக்கு வெயில் காயும் இடம் 35 டிகிரிக்குச் சற்று மேலேயே இருக்கலாம். செங்கால் ஆமை காட்டு நிழலில் வாழ்வது. அதற்கு 27 முதல் 30 டிகிரி வரை சீரான கதகதப்பும் ஈரப்பதமும் முக்கியம், கொளுத்தும் விளக்கு தேவையில்லை.

இந்த எண்களைக் கையால் தொட்டுப் பார்த்துக் கணிக்க முடியாது. கூண்டின் சுவரில் ஒட்டும் வட்ட வெப்பமானி காட்டுவது சுவரின் சூட்டை மட்டுமே. ஆமையின் முதுகு எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் அளக்க வேண்டும். அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வாங்கி, விளக்கு எரிந்து ஒரு மணி நேரம் ஆன பிறகு, விளக்கின் நேர் கீழே இருக்கும் கல்லையும் ஆமையின் ஓட்டையும் அளந்து பாருங்கள். கல் 26 டிகிரி காட்டினால், சாப்பிடாததன் காரணம் பெரும்பாலும் அதுதான்.

சூடு மேலிருந்து வர வேண்டும். ஆமை வெயிலை ஓட்டில் உணர்ந்து பழகிய விலங்கு. அடியிலிருந்து சுடும் கல்லின் மீது அமர்ந்து வயிற்றோட்டைச் சுட்டுக்கொள்ளும் ஆமைகள் உண்டு. ஆகவே சூடாகும் செயற்கைக் கல்லை வாங்க வேண்டாம்.

யூவிபி விளக்கு இல்லாமல் சன்னலோரம் வைத்தால் போதுமா?

சன்னல் கண்ணாடி, ஆமைக்கு வேண்டிய புற ஊதா பி (யூவிபி) கதிரைத் தடுத்துவிடும். அந்தக் கதிர் இல்லாமல் தோலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் உணவில் உள்ள சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) உடலில் சேராது. மாதக்கணக்கில் இந்தக் குறை தொடர்ந்தால் ஓடு மெத்தென்று ஆகும், தசைகள் தளரும், தாடை வலுவிழந்து இலையைக் கடிக்கவே முடியாமல் போகும். மூடிய கண்ணாடித் தொட்டியைச் சன்னல் வெயிலில் வைப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு: உள்ளே சூடு ஏறி ஆமை இறந்துபோகலாம்.

நீளக்குழல் வடிவ யூவிபி விளக்கை, வெயில் காயும் விளக்கின் அருகிலேயே இணையாகப் பொருத்தி, நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுங்கள். எவ்வளவு உயரத்தில் மாட்ட வேண்டும் என்பது விளக்குக்கு விளக்கு மாறும். உறையில் அச்சிட்டிருப்பதைக் கடைப்பிடியுங்கள். மிக அருகில் மாட்டினால் கண் வெந்து, ஆமை கண்ணை மூடியே வைத்திருக்கும். கண் திறக்காத ஆமை உணவைப் பார்க்காது. விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் கதிர் காலப்போக்கில் குறையும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் காலக்கெடுவில் மாற்ற வேண்டும். ஆமையோடு பழைய கூண்டையும் சேர்த்து வாங்கியவர்கள் இதை முதலில் கவனிக்க வேண்டும்.

தினமும் வெந்நீரில் வைக்கச் சொல்கிறார்களே, அது எதற்கு?

புதிதாக வரும் ஆமைகளில் பல, நீர் வற்றிய நிலையில் வருகின்றன. நீர் வற்றிய ஆமைக்குப் பசிக்காது. ஆகவே உணவைவிடத் தண்ணீர் முந்த வேண்டும்.

ஆமை ஏறி வெளியே வர முடியாத, உள்ளிருந்து பார்த்தால் வெளியே தெரியாத ஒரு பிளாஸ்டிக் பாத்திரத்தில் 28 முதல் 32 டிகிரி வரையுள்ள வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள். மேலோடும் வயிற்றோடும் சேரும் மட்டம் வரை நீர் இருந்தால் போதும். தலை எப்போதும் நீருக்கு மேலே எளிதாக நிற்க வேண்டும். 15 முதல் 20 நிமிடம் வரை விடுங்கள், நீர் ஆறினால் மாற்றுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் காலையில் இதைச் செய்யலாம்.

தாகமுள்ள ஆமை என்ன செய்யும் என்பதை அருகிலிருந்து பார்த்தால் மறக்காது. சற்று நேரம் கால்களை அசைத்துவிட்டு, கழுத்தை முழுவதும் நீட்டி, மூக்கு நுனி வரை முகத்தை நீரில் அமிழ்த்தும். தொண்டைத் தோல் உள்ளேயும் வெளியேயும் சீராக ஏறி இறங்கும். சில ஆமைகள் பல நிமிடம் தலையை எடுக்காமல் குடிக்கும். குடித்து முடித்ததும் பெரும்பாலும் எச்சமும் சிறுநீரும் கழியும். அதோடு வெள்ளையாக ஒன்று வரும். அது யூரேட் எனப்படும் கழிவு. பற்பசை போல மெத்தென்று இருந்தால் நல்லது. மணல் போல நறநறவென்றோ, கட்டியாகவோ இருந்தால், ஆமை நெடுநாள் நீர் குறைந்து இருந்திருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் குளியலைக் கூட்டுவதோடு மருத்துவரிடமும் சொல்லுங்கள், ஏனெனில் சிறுநீர்ப்பையில் கல் உருவாவதும் இப்படித்தான் தொடங்குகிறது.

பலருடைய அனுபவத்தில், புதிய ஆமை முதன்முதலில் வாய் திறப்பது இந்தக் குளியலை முடித்து, விளக்கின் கீழ் அரை மணி நேரம் காய்ந்த பிறகுதான். ஆகவே உணவை அந்த நேரத்தில் வையுங்கள்.

கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் சுவரைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

கண்ணாடிக்கு அப்பால் தெரியும் அறைக்குப் போக வழி தேடுகிறது. கண்ணாடி என்பது தடுப்பு என்று ஆமைக்குப் புரிவதில்லை. நாள் முழுவதும் இப்படி முட்டி மோதும் ஆமை சோர்ந்து போகிறது, தின்பதில்லை. நான்கு பக்கமும் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு அட்டையை ஒட்டி மறைத்தாலே ஓரிரு நாளில் அமைதி அடையும். மேற்புறம் திறந்த மரப்பெட்டி இதைவிட நல்லது.

ஹார்ஸ்ஃபீல்ட் ஆமை குழி தோண்டி வாழ்வது. மத்திய ஆசியாவில் அது ஆண்டில் ஏறத்தாழ மூன்று மாதம் மட்டுமே வெளியே நடமாடி, கோடையின் வறட்சியையும் பனிக்காலத்தையும் வளைக்குள் கழிக்கிறது. அப்படிப்பட்ட விலங்குக்குச் செய்தித்தாள் விரித்த தரை பெரும் கொடுமை. உரம் கலக்காத மண்ணையும் தென்னை நார்த்தூளையும் கலந்து, கொஞ்சம் ஈரமாக்கி, ஒரு சாண் ஆழத்துக்காவது நிரப்புங்கள். குளிர்ந்த முனையில் நுழைந்து மறைய ஓர் இடம் இருக்கட்டும். வெறும் மணலையோ கூழாங்கல்லையோ போட்டால் உணவோடு விழுங்கி, குடல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

முதல் இரண்டு வாரம், குளிப்பாட்டுவதற்குத் தவிர, யாரும் தூக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு இது கடினம் என்பது தெரியும். அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள்: தூரத்தில் அமர்ந்து, ஆமை எப்போது எழுகிறது, எங்கே போகிறது, எதை முகர்கிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். மருத்துவரிடம் போக நேர்ந்தால் அந்த நோட்டு உதவும்.

என்ன உணவு வைத்தால் முதலில் தின்னும்?

ஏற்கெனவே தின்றுகொண்டிருந்ததைத்தான். வாங்கிய இடத்தில் என்ன கொடுத்தார்கள் என்று கேட்டு, அது தரம் குறைந்த லெட்டூஸாக இருந்தாலும், முதல் சில நாள் அதையே வையுங்கள். தின்னத் தொடங்கிய பிறகு நல்ல இலைகளை ஒவ்வொன்றாகக் கலந்து பழக்கலாம். பழக்கத்தையும் இடத்தையும் ஒரே நாளில் மாற்றினால் ஆமை தடுமாறும்.

ஆமைக்கு நிறம் நன்றாகத் தெரியும். மஞ்சளும் சிவப்பும் அதைச் சட்டென்று இழுக்கும். டான்டிலியன் பூ, செம்பருத்திப் பூ இரண்டும் இதற்கு மிகச் சிறந்தவை. இலைக் குவியலின் மேல் ஒரு பூவை வைத்து, ஆமையின் முகத்துக்குச் சற்று முன்னால் போட்டுவிட்டு விலகிப் போங்கள். ஆமை கழுத்தை நீட்டி, மூக்கை உணவில் ஏறக்குறைய ஒட்டி, சில நொடி அசையாமல் முகரும். அந்த நேரத்தில் நாம் கை நீட்டினாலோ குனிந்து எட்டிப் பார்த்தாலோ தலை உள்ளே போய்விடும். அன்றைய வாய்ப்பு அதோடு முடிந்தது. உணவைக் கையில் பிடித்து ஊட்டிப் பழக்குவதையும் தவிர்த்துவிடலாம். தட்டையான ஓடு அல்லது கல்லின் மேல் வையுங்கள். அலகும் தேயும், மண்ணும் வாயில் போகாது.

வெயில் நாளில் வெளியே, வேலி போட்ட புல்தரையில் விட்டுப் பாருங்கள். கூண்டுக்குள் வாரக்கணக்கில் தின்னாத ஆமை, மண்ணில் வேரோடு நிற்கும் க்ளோவர் இலையைத் தானே கடிப்பதுண்டு. இயற்கை வெயிலின் சூடும் கதிரும் எந்த விளக்குக்கும் மேலானவை. நிழலும் தண்ணீரும் கட்டாயம் இருக்க வேண்டும், பூச்சிமருந்து தெளித்த புல்லாக இருக்கக் கூடாது.

நிலையான உணவாக டான்டிலியன், க்ளோவர், சோ திசில், செம்பருத்தி இலை, முசுக்கட்டை இலை, திராட்சை இலை, முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி ஆகியவை அமையலாம். சல்கேட்டாவுக்கு இவற்றைவிடப் புல் அதிகம் வேண்டும். அருகம்புல் கிடைத்தால் நல்லது. பசலைக்கீரையில், சுண்ணாம்புச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் ஆக்சலேட் மிகுதி. அதையே நாள்தோறும் கொடுக்கக் கூடாது. சோறு, ரொட்டி, பால், நாய் உணவு எதுவும் வேண்டாம். அரளி, டாஃபோடில் போன்றவை நஞ்சு. தோட்டத்தில் விடும்முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தக்காளியும் வெள்ளரியும் மட்டும் தின்கிறது. அதையே கொடுக்கலாமா?

பசியைத் தூண்டுவதற்காக முதல் வாரத்தில் கொஞ்சம் கொடுப்பதில் தவறில்லை. அதற்கு மேல் போனால் சிக்கல். புல்வெளி ஆமைகளின் குடல் நார்ச்சத்துள்ள இலைக்காக அமைந்தது. இனிப்பான பழம் சேரும்போது குடல் நுண்ணுயிர்கள் கெட்டு, வயிற்றுப்போக்கு வரும், புழுக்களும் பெருகும். வெள்ளரியில் தண்ணீரைத் தவிர வேறு சத்து அதிகம் இல்லை. நறுக்கிய இலையின் மேல் தக்காளிச் சாற்றைத் தடவி, நாளுக்கு நாள் சாற்றைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். செங்கால் ஆமைக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. காட்டில் விழும் பழத்தைத் தின்பது அதன் இயல்பு.

இரண்டு ஆமைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஒன்று தின்கிறது, மற்றது தின்னவில்லை.

உடனே பிரியுங்கள். சண்டை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், ஒன்று மற்றதைப் பின்தொடர்வதும், வழியை மறிப்பதும், உணவின் மேல் அமர்ந்துகொள்வதும், விளக்கின் கீழ் உள்ள இடத்தைப் பிடித்துக்கொள்வதும் அடக்குமுறைதான். தோற்ற ஆமை எதிர்க்காது. ஒளிந்துகொண்டு பட்டினி கிடக்கும். ஆமைக்குத் துணை தேவை என்பது மனிதர்களாகிய நம் எண்ணம். ஹார்ஸ்ஃபீல்ட் ஆமை தனியாக வாழ்வதையே விரும்புகிறது.

புதிய ஆமையைப் பழையதோடு சேர்ப்பதில் நோய் ஆபத்தும் உண்டு. ஹெர்பீஸ் வைரஸ், மைக்கோபிளாஸ்மா போன்ற நோய்க்கிருமிகள் வெளியே தெரியாமல் ஓர் ஆமையிடம் இருந்து மற்றதைக் கொன்றுவிடக்கூடும். வெவ்வேறு இனங்களை ஒன்றாக வைப்பது ஒருபோதும் கூடாது. ஒரே இனமாக இருந்தாலும் ஆறு மாதம் வேறு அறையில், வேறு பாத்திரங்களோடு வைத்துப் பாருங்கள்.

ஐப்பசியில் வாங்கினேன். விளக்கும் சூடும் சரியாக இருந்தும் மந்தமாக இருக்கிறது. குளிர்கால உறக்கமா?

இருக்கலாம். ஹார்ஸ்ஃபீல்ட், ஹெர்மன், கிரேக்க ஆமைகள் குளிர்காலத்தில் உறங்கும் இனங்கள். பகல் குறையத் தொடங்கியதும் அவற்றின் உடல் அதற்கு ஆயத்தமாகி, பசி குறையும். சல்கேட்டாவும் செங்கால் ஆமையும் அப்படி உறங்குவதில்லை. அவை மந்தமானால் நோய் என்றே கொள்ள வேண்டும்.

முந்தைய வரலாறு தெரியாத ஆமையை முதல் குளிர்காலத்தில் உறங்கவிடாமல் இருப்பதே பாதுகாப்பு. போதிய எடையில்லாமலோ, நோயோடோ, குடலில் உணவு தங்கிய நிலையிலோ உறங்கப்போன ஆமை வசந்தத்தில் எழாமலே போகலாம். வெளிச்சத்தை 14 மணி நேரமாக்கி, பகல் சூட்டையும் சரிபார்த்து, தினமும் குளிப்பாட்டினால் பெரும்பாலும் விழித்துத் தின்னத் தொடங்கும். பாதி விழிப்பும் பாதி உறக்கமுமாக 15, 18 டிகிரி அறையில் விட்டுவைப்பதுதான் எல்லாவற்றிலும் கெட்டது. அந்தச் சூட்டில் உடல் சேமிப்பைச் செலவழிக்கும், ஆனால் தின்னாது. வசந்தத்தில் விழித்து ஒரு வாரமாகியும் தின்னாத ஆமையைக் கட்டாயம் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எந்த அறிகுறி தெரிந்தால் காத்திருக்கக் கூடாது?

மூக்கில் குமிழி அல்லது சளி. வாயைத் திறந்து மூச்சுவிடுவது. மூச்சில் சீழ்க்கை ஒலி. வீங்கியோ ஒட்டியோ இருக்கும் கண். வாய்க்குள் மஞ்சள் நிறப் படலம். வளர்ந்த ஆமையின் ஓடு அழுத்தினால் உள்வாங்குவது. பின்கால்களை இழுத்து நடப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவரை அழையுங்கள். பெண் ஆமை ஓயாமல் நடந்து, பின்கால்களால் தோண்டித் தோண்டி விட்டுவிட்டு, தின்ன மறுத்தால், முட்டை இட முடியாமல் தவிக்கக்கூடும். ஆண் இல்லாமல் தனியாக வளர்ந்த பெண்ணும் முட்டை உருவாக்கும் என்பதைப் பலர் அறிவதில்லை.

அலகையும் பாருங்கள். மேல் அலகு கிளி மூக்கு போல வளைந்து நீண்டிருந்தால், ஆமை இலையைக் கடிக்க முயன்று, பிடி நழுவி விட்டுவிடும். பார்ப்பவருக்கு அது விருப்பமின்மையாகத் தோன்றும். அலகைச் சீராக்குவது மருத்துவரின் வேலை.

வாயைத் திறந்து ஊட்டலாமா? புழு மருந்தை நாமே கொடுக்கலாமா?

இரண்டும் கூடாது. ஆமையின் வாயைப் பிடித்துத் திறக்கும்போது தாடை முறியலாம். ஊட்டுவது மூச்சுக்குழலுக்குள் போனால் நிமோனியா வரும். உடல் குளிர்ந்தும் நீர் வற்றியும் இருக்கும்போது வயிற்றுக்குள் தள்ளிய உணவு செரிக்காமல் அழுகும். நெடுநாள் பட்டினி கிடந்த விலங்குக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் இரத்தத்தின் உப்புகள் நிலைகுலைந்து உயிருக்கே ஆபத்தாகும்.

மருந்து பற்றி இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்: ஆடு மாடுகளுக்கும் நாய்களுக்கும் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின், ஆமைக்கு நஞ்சு. ஒரே வேளை மருந்திலேயே உடல் செயலிழந்து இறந்துவிடக்கூடும். ஆமைகளைப் பார்த்துப் பழகாத கால்நடை மருத்துவர் அதை எழுதிக்கொடுத்தால், தயங்காமல் கேள்வி கேளுங்கள். கண் வீங்கியிருக்கிறது என்று வைட்டமின் ஏ ஊசியை அளவு தெரியாமல் போடுவதும் தோல் உரிந்து போகும் அளவுக்குத் தீங்கு செய்யும்.

மருத்துவரிடம் போகும்போது என்ன கொண்டு போக வேண்டும்? அவர் என்ன செய்வார்?

ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரைத் தேடிப் போங்கள். அன்றைய எச்சத்தை மூடிய டப்பாவில் எடுத்துக்கொள்ளுங்கள். புழுவும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளும் நுண்ணோக்கியில் தெரியும். காட்டில் பிடித்தோ, காட்டு முட்டைகளிலிருந்து பொரித்தோ அனுப்பப்படும் ஹார்ஸ்ஃபீல்ட் ஆமைகள் உலகச் சந்தையில் இன்னும் உண்டு. நெருக்கடியில் அடைபட்டு வந்த அவற்றில் புழுத்தொல்லை சாதாரணம். கூண்டின் படங்கள், அளந்த வெப்பநிலைகள், விளக்கின் பெயரும் வயதும், எடைக் குறிப்புகள் ஆகியவையும் வேண்டும். குளிர் படாமல், சூடான தண்ணீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போங்கள்.

அவர் வாயைப் பார்ப்பார், எக்ஸ்ரே எடுத்து முட்டை, கல், அடைப்பு, நுரையீரல் ஆகியவற்றைப் பார்ப்பார், தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனை செய்வார். முதல் சிகிச்சை பெரும்பாலும் சூடும் நீரும்தான். அதன் பிறகும் தின்னாவிட்டால், கழுத்தின் பக்கவாட்டில் உணவுக்குழாய்க்குள் ஒரு மெல்லிய குழாயைப் பொருத்தி அதன் வழியே உணவு செலுத்துவார்கள். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும், வாயைத் திரும்பத் திரும்பத் திறப்பதைவிட ஆமைக்கு இது எவ்வளவோ இலகு. குழாயோடு இருக்கும்போதே பல ஆமைகள் தாமாகத் தின்னத் தொடங்குகின்றன.

எடையை எப்படிக் கண்காணிப்பது?

சமையலறை மின்தராசில், வாரம் ஒருமுறை, அதே கிழமையில், குளிப்பாட்டும் முன் நிறுத்து எழுதுங்கள். தண்ணீர் குடித்ததும் சிறுநீர் கழித்ததும் எடையை நன்றாக ஏற்றி இறக்கும் என்பதால், ஒரு நாள் எண்ணைப் பார்த்துக் கலங்க வேண்டாம். வந்த நாளின் எடையிலிருந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அது மருத்துவரிடம் போக வேண்டிய எல்லை. நீளத்தோடு எடையை ஒப்பிடும் ஜாக்சன் விகிதம் ஹெர்மன் ஆமைக்கும் கிரேக்க ஆமைக்கும் வகுக்கப்பட்டது. உருண்டை உடல் கொண்ட ஹார்ஸ்ஃபீல்ட் ஆமையை அதில் வைத்துப் பார்க்கக் கூடாது.

இந்தியாவில் ஒருவர் நட்சத்திர ஆமை கொடுத்தார். அது தின்னவில்லை. என்ன செய்வது?

நட்சத்திர ஆமை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படும் விலங்கு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் முதல் அட்டவணைக்கு வந்தது. 2019இல் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது. வீட்டில் வைத்திருப்பதே குற்றம். அதிர்ஷ்டம் என்று சொல்லி விற்கப்படும் இந்த ஆமைகள் புதர்க்காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை. சிறைபட்ட அதிர்ச்சியில்தான் அது தின்னவில்லை. வனத்துறையிடம் ஒப்படையுங்கள். நீங்களே காட்டில் கொண்டுபோய் விட வேண்டாம். எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்பது தெரியாமல் விட்டால், அங்குள்ள ஆமைகளுக்கு நோய் பரவக்கூடும்.

சிங்கப்பூரில் எந்த நில ஆமையையும் வீட்டில் வளர்க்க அனுமதி இல்லை. பிரிட்டனில் ஹெர்மன் ஆமைக்கும் கிரேக்க ஆமைக்கும் விற்பவரிடமிருந்து சான்றிதழ் பெற வேண்டும். ஹார்ஸ்ஃபீல்ட் ஆமைக்கு அது தேவையில்லை.

தின்னத் தொடங்கிவிட்டது. இனி என்ன?

முதல் நாளே தட்டை நிரப்ப வேண்டாம். சில நாள் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பூவையும் தக்காளிச் சாற்றையும் படிப்படியாகக் குறைத்து, இலை வகைகளைப் பெருக்குங்கள். கால்சியம் தூளை உடனே தூவினால் அந்த வாசனைக்கே சில ஆமைகள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒழுங்காகத் தின்னத் தொடங்கி ஒரு வாரம் ஆன பிறகு, ஒரு சிட்டிகையில் தொடங்கலாம். கணவாய் ஓட்டுத் துண்டு ஒன்றை மூலையில் போட்டுவைத்தால், வேண்டும்போது தானே கடித்துக்கொள்ளும். ஆமையைத் தொட்ட பின்னும் கூண்டைச் சுத்தம் செய்த பின்னும் சோப்பால் கை கழுவுவதை வீட்டில் எல்லோருக்கும் பழக்குங்கள். நோயற்ற ஆமையின் எச்சத்திலும் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை அது கடுமையாகத் தாக்கும். குளியல் பாத்திரத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம். முதல் எச்சப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், சில வாரம் கழித்து இன்னொருமுறை சோதித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் புழு முட்டைகள் எல்லா நாளும் எச்சத்தில் வெளிப்படுவதில்லை.